ஷஹீத்: ஒரு சொல்லும் அதன் மீதான தீர்ப்பும்

முகநூல், இன்ஸ்டகிராம் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் விதிகளின் கீழ், வேறெந்தத் தனிச் சொல்லையும் தொடரையும் விட அதிகமான பதிவுகள் நீக்கப்படுவதற்குக் காரணமான சொல் பெரும்பாலும் 'ஷஹீத்' என்பதாகவே இருக்கும். இது குற்றம் சாட்டுவோரின் கணிப்பு அன்று, அந்நிறுவனத்தின் கணிப்பு. அந்நிறுவனம் நிதியளித்து உருவாக்கிய மேற்பார்வை வாரியம் 2024 மார்ச் 26 அன்று வெளியிட்ட ஆலோசனைக் கருத்துரையில் இது பதிவாகியுள்ளது. அக்கருத்துரை வெளிவந்த போது செய்தித்தாள்கள் அதனை ஒரு தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்து சென்றன. முஸ்லிம் இதழ்களிற் சில, ஒரு வெற்றிச் செய்தியாக வரவேற்றன. இரண்டுமே போதுமானவை அல்ல. ஒரு தீர்ப்புரையை வாசிப்பது போலவே இதனையும் வாசிக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம்: எதனை ஏற்றது, எதனைத் தொடாமல் விட்டது, எந்த அடிப்படையின் மீது நின்று பேசியது என்று.

முதலில் விதியின் அமைப்பை விளங்கிக் கொள்வோம். மெட்டாவிடம் 'ஆபத்தான அமைப்புகளும் தனிநபர்களும்' என்ற தலைப்பில் ஒரு கொள்கை உண்டு. அதன் கீழ் ஒரு பெயர்ப் பட்டியல் பேணப்படுகிறது. பட்டியலில் உள்ளவரைப் புகழ்தல் தடை. செய்தியாக அறிவித்தல், நடுநிலையாக விவாதித்தல், கண்டித்தல் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள ஒருவரை 'ஷஹீத்' என்று குறித்து விட்டால், அது எந்தச் சூழலில் எழுதப்பட்டிருந்தாலும் புகழ்ச்சியே என்று கொள்ளப்பட்டது. மற்றச் சொற்களுக்குக் கிடைத்த விதிவிலக்கு இச்சொல்லுக்குக் கிடைக்கவில்லை. ஆக, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அத்தீர்மானத்தை இயந்திரங்களிடமும் கூலிக்கு அமர்த்தப்பட்ட வாசகர்களிடமும் ஒப்படைத்ததே இவ்விதியின் சாரம்.

அச்சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்கள்? 'ஷஹித' என்ற மூலத்திலிருந்து பிறந்த இதன் முதற்பொருள் சாட்சி. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் 'அஷ்-ஷஹீத்' ஒன்று. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282-இல், கடன் பத்திரத்திற்கு இரு ஆண்களைச் சாட்சிகளாக்கும்படி கூறுமிடத்தில் வருவது இதே சொல்லின் இருமை வடிவமாகும். 2:143-இல் இந்தச் சமுதாயம் மனிதர்களுக்குச் சாட்சிகளாக இருக்கும் பொருட்டு நடுநிலைச் சமுதாயமாக ஆக்கப்பட்டது என்று கூறும் போது அதன் பன்மை வடிவம் வருகிறது. இறைவழியில் உயிர் நீத்தவர் என்ற பொருள் இவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. (ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வைக்கப்படும் 'மார்ட்டர்' என்ற சொல்லும் கிரேக்கத்தில் சாட்சி என்ற பொருளிலேயே பிறந்தது என்பது கவனத்திற்குரியது. இரு மரபுகளும் ஒரே பாதையில் நடந்திருக்க, ஒரு மரபின் சொல் மட்டும் காவலுக்குள்ளானது.)

உயிர் நீத்தவர் என்ற பொருளிலும் கூட அச்சொல்லின் எல்லை போர்க்களத்தோடு முடிவதில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் நபிமொழி ஐவரை ஷஹீத்களாக எண்ணுகிறது. கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர் ஆகிய நால்வருக்குப் பின்னரே அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவர் வருகிறார். வேறு அறிவிப்புகள் தீயில் கருகியவரையும் பேறுகாலத்தில் இறந்த பெண்ணையும் சேர்க்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் கடல் கொண்டு போன கிழக்கிலங்கைக் கரையோர முஸ்லிம்களை அவர்களது உறவினர் எந்தச் சொல்லால் நினைவு கூர்ந்தனர் என்பதை அங்கு சென்றோர் அறிவர். அங்கு ஆயுதமும் இல்லை, அமைப்பும் இல்லை.

இன்னும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹில் ஜிஹாத் பற்றிய நூலில், 'இன்னார் ஷஹீத் என்று கூறலாகாது' என்ற கருத்தில் ஒரு பாடத்தைத் தனியாக அமைத்துள்ளார்கள். அதன் கீழ் வரும் அறிவிப்பு, களத்தில் எல்லோரையும் விட வீரமாகப் போரிட்ட ஒருவர், காயத்தின் வேதனை தாளாது தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டதைக் கூறுகிறது. வெளித்தோற்றத்தில் வீரர், உள்ளே இருந்தது வேறு. ஒருவரின் இறுதி நிலையை அறிந்தவன் இறைவன் ஒருவனே என்பதால், குறிப்பிட்ட மனிதருக்கு அப்பட்டத்தை உறுதியாகச் சூட்டுவதை அறிஞர்கள் தவிர்த்தனர். 'இன்ஷா அல்லாஹ்' என்ற எதிர்பார்ப்போடும் பிரார்த்தனையோடுமே அதனைக் கூறினர். அப்படியாயின், தன் மகனைப் பறிகொடுத்த தாய் 'என் பிள்ளை ஷஹீத்' என்று எழுதும் போது அது அரசியல் சான்றிதழ் அன்று, துஆவாகும். அதனை ஒரு கூட்டத்திற்கான வாழ்த்தாக மட்டும் வாசித்த விதி, அச்சொல்லின் இயல்பையே தவறவிட்டது. அதே வேளை, அரசியல் சுவரொட்டிகளில் இப்பட்டத்தைத் தாராளமாக வழங்கும் நம்மவர் சிலரும் புகாரியின் அப்பாடத்தைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

சொல் அரபு எல்லையைக் கடந்தும் வாழ்கிறது. 1931-இல் தூக்கிலிடப்பட்ட பகத் சிங்கை வட இந்தியா 'ஷஹீத்' என்ற அடைமொழியின்றி அழைப்பதில்லை. 1952 பிப்ரவரி 21-இல் வங்க மொழிக்காக உயிர் நீத்தோரின் நினைவுச் சின்னம் டாக்காவில் 'ஷஹீத் மினார்' எனப்படுகிறது. உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது அந்த நாளைத்தான். தமிழ் பேசும் நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். ஆண்டு தோறும் அவ்வூர் அந்நாளை 'ஷுஹதாக்கள் தினம்' என்று நினைவு கூர்கிறது. இங்கே அச்சொல்லுக்கு உரியவர்கள் கொன்றவர்கள் அல்லர், கொல்லப்பட்டவர்கள். மெட்டாவின் தடை பட்டியலில் உள்ளவர்களைக் குறிக்கும் போது மட்டுமே என்பது உண்மை. எனினும் இவ்வளவு அகன்ற வாழ்வுடைய ஒரு சொல்லை ஒற்றைப் பொருளில் பூட்டி, அப்பூட்டின் சாவியை அரைகுறை மொழியறிவுள்ள கைகளில் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை அறிய அனுமானம் தேவையில்லை, ஆவணங்கள் உள்ளன.

2021 மே மாதம் ஷெய்க் ஜர்ராஹ் குடியிருப்பு வெளியேற்றங்களையும் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நடந்த தாக்குதலையும் தொடர்ந்து பலஸ்தீனப் பதிவுகள் பெருமளவில் மறைந்தன. அது குறித்து மெட்டாவுக்காக பி.எஸ்.ஆர். என்ற ஆலோசனை நிறுவனம் நடத்திய ஆய்வு 2022 செப்டம்பரில் வெளியானது. அரபு மொழிப் பதிவுகள் அளவுக்கு மீறி நீக்கப்பட்டன, ஹீப்ரு மொழிப் பதிவுகள் நீக்கப்பட வேண்டிய அளவுக்கு நீக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. அரபு மொழியில் பகைமைப் பேச்சைக் கண்டறியும் தானியங்கிக் கருவி இயங்கிக் கொண்டிருந்தது; ஹீப்ருவுக்கு அத்தகையது அப்போது இல்லை. பல அரபுப் பதிவுகள் அந்தந்த வட்டார வழக்கை அறியாதவர்களிடம் சென்றன. 'அல்அக்ஸா' என்ற குறிச்சொல்லே சில நாட்கள் தேடலில் மறைக்கப்பட்டது. வெளி ஒப்பந்த ஊழியர் ஒருவர் அமெரிக்கக் கருவூலத் துறையின் பட்டியலில் இருந்த வேறோர் அமைப்பின் பெயரிலிருந்து அதனை எடுத்துத் தடைப்பட்டியலில் இட்டதே காரணம். முஸ்லிம்களின் முதற் கிப்லாவின் பெயர் ஒரு எழுத்தரின் வெட்டி ஒட்டலில் பயங்கரவாதச் சொல்லாயிற்று. 2023 அக்டோபரில் இன்ஸ்டகிராமின் தானியங்கி மொழிபெயர்ப்பு, 'பலஸ்தீனர்' என்ற சொல்லும் கொடியும் 'அல்ஹம்துலில்லாஹ்'வும் இருந்த சுயகுறிப்புகளில் 'பயங்கரவாதி' என்ற சொல்லைத் தானாகச் சேர்த்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அதே ஆண்டு டிசம்பரில் மனித உரிமைக் கண்காணிப்பகம் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆவணப்படுத்திய 1,050 நீக்கங்களிலும் முடக்கங்களிலும் 1,049 பலஸ்தீனத்திற்கு ஆதரவான அமைதியான பதிவுகள் பற்றியவை.

இப்பின்னணியில் வாரியத்தின் கருத்துரையை நோக்குவோம். 2023 பிப்ரவரியில் மெட்டா இவ்வினாவை வாரியத்திடம் அனுப்பியது. அக்டோபர் 7-க்குப் பின் வாரியம் தன் முடிவைத் தாமதித்து, புதிய சூழலிலும் தன் வாதம் நிற்கிறதா என்று மீண்டும் ஆராய்ந்தது. நிற்கிறது என்றே கண்டது. சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு, ஆங்கில ஈடு போதாது, முழுத்தடை அளவுக்கு மீறியது, அரபு பேசுவோரையும் முஸ்லிம் சமூகங்களையும் அது சமமின்றிப் பாதிக்கிறது என்று வெளிப்படையாகக் கூறியது. தடைக்குப் பதிலாக, ஆயுதத்தின் படம், ஆயுதம் ஏந்தும் அல்லது பயன்படுத்தும் நோக்கத்தின் கூற்று அல்லது அதற்கான தூண்டுதல், பட்டியலிடப்பட்ட வன்முறை நிகழ்வு ஒன்றின் குறிப்பு ஆகிய மூன்று அடையாளங்களில் ஒன்றேனும் இருந்தாலன்றி நீக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. போர்ச் சூழலின் நடுவே இவ்வளவு தெளிவாகப் பேசியது பாராட்டுக்குரியது. அதனை மறுப்பது நீதியாகாது.

ஆனால் கருத்துரை தயங்கி நின்ற இடம் பட்டியல். இவ்விதி முழுவதும் அச்சாணியாகச் சுழல்வது அதன் மீதே. யார் பட்டியலில் உள்ளார் என்பது தெரியாமல், எவரை 'ஷஹீத்' என்று அழைத்தால் குற்றம் என்பதை எழுதுபவர் எப்படி அறிவார்? 2021 ஜனவரியில் வேறொரு வழக்கில், பட்டியலையோ குறைந்தது சில எடுத்துக்காட்டுகளையோ வெளியிடுமாறு இதே வாரியம் கேட்டிருந்தது. நிறுவனம் முழுப் பட்டியலை வெளியிட இணங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'தி இன்டர்செப்ட்' என்ற இதழ் கசிந்த பட்டியல் ஒன்றை வெளியிட்ட போது, மிகக் கடுமையான கட்டுப்பாடுகளுக்குரிய அடுக்கில் முஸ்லிம் பெயர்களின் மிகுதியை வாசகர் கண்கூடாகக் கண்டனர். 2024-இலோ வாரியம் தன் கோரிக்கையைச் சுருக்கிக் கொண்டது: பட்டியலிடும் நடைமுறையை விளக்குக, ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை வெளியிடுக, அவ்வப்போது தணிக்கை செய்க என்ற அளவில் நின்றது. பெயரைக் கேட்ட வாரியம் எண்ணிக்கையோடு அமைந்து கொண்டது. நம் வாசிப்பில் கருத்துரையின் பெருங்குறை இதுவே.

பட்டியல் சட்டத்தின் நிர்ப்பந்தம் என்று சிலர் கூறுவர். அவ்வாறன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் வழங்கிய 'ஹோல்டர்' தீர்ப்பு, பட்டியலிடப்பட்ட அமைப்புகளோடு இணைந்து செய்யும் உதவியைத் தடை செய்ய அரசுக்கு இடமளித்தது. அவ்வழக்கின் மையத்தில் இருந்த அமைப்புகள் குர்துகளின் பி.கே.கே.வும் தமிழீழ விடுதலைப் புலிகளும் என்பது தமிழ் வாசகருக்குச் சுவைதரும் செய்தி. ஆனால் அதே தீர்ப்பு, அமைப்போடு தொடர்பின்றி ஒருவர் தாமாகப் பேசுவதையும் எழுதுவதையும் அச்சட்டம் தொடவில்லை என்று பிரித்துக் காட்டியது. இறந்தவர் ஒருவரை ஷஹீத் என்று எழுதியதற்காக அமெரிக்க அரசு தன் குடிமகனைத் தண்டிக்க இயலாது. அரசால் இயலாததை நிறுவனம் அரசின் பட்டியலையே கையில் வைத்துக் கொண்டு உலகெங்கும் செய்கிறது.

அது தனியார் இடம், அவர்கள் விருப்பம் என்ற மறுப்பு இங்கே எழும். சட்ட அளவில் இம்மறுப்பு வலுவானதே. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசைக் கட்டுப்படுத்துகிறது, வணிகரை அன்று. ஒரு கம்பெனிக்குச் சொந்தமான ஊரின் தெருவில் துண்டறிக்கை வழங்கியவருக்கு 1946-இன் மார்ஷ் வழக்கில் கிடைத்த பாதுகாப்பு பின்னர் விரிவடையவில்லை. 2024 ஜூலையின் நெட்சாய்ஸ் தீர்ப்பில், பதிவுகளைத் தொகுத்தும் தவிர்த்தும் வழங்குவது நிறுவனத்தின் கருத்துரிமைக்குள் வரக்கூடும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஆகவே பேச்சுரிமை என்ற சொல்லை மட்டும் பிடித்துக் கொண்டு இவ்வழக்கை வாதிட முடியாது. நீதிமுறை என்ற வாயிலே நமக்குத் திறந்துள்ளது.

அவ்வாயிலில் நம் மரபு வெறுங்கையோடு நிற்கவில்லை. தீமையைத் தடுக்கும் 'ஹிஸ்பா' பணிக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் வகுத்த நிபந்தனைகளை இங்கு நினைவு கூர்வோம். தடுக்கப்படும் செயல் தீமை என்பது ஆய்வின்றியே தெளிவாக இருக்க வேண்டும். அறிஞர்கள் கருத்து வேறுபடும் விடயத்தில் ஹிஸ்பா இல்லை. அது கண்முன் நிகழ்வதாக இருக்க வேண்டும். துருவி உளவு பார்க்காமலே வெளிப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பொருள் மயங்கும் ஒரு சொல்லை, வட்டார வழக்கறியாதவர், பழைய பதிவுகளையும் கிளறி நீக்குவது மூன்று நிபந்தனைகளிலும் தவறுகிறது. நீதி வழங்கும் ஒழுக்கம் பற்றிய இன்னொரு அளவுகோலும் உண்டு. அலீ (ரழி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பிய போது, முதலாமவரின் பேச்சைக் கேட்டது போலவே மற்றவரின் பேச்சையும் கேட்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். நீக்கியதன் காரணத்தை எழுத்தில் கூறுவதும் மறுப்பைச் செவியேற்பதும் 2024 பிப்ரவரி 17 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சேவைச் சட்டத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளன. காஸாவிலிருந்தோ கல்முனையிலிருந்தோ எழுதுபவருக்கு அச்சட்டத்தின் நிழல் எட்டாது.

நாம் கட்டற்ற வெளியைக் கோரவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் அதன் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த போது, வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகளைப் படித்துத் தடுக்கக்கூடியவர்கள் முகநூலில் போதிய அளவில் இல்லை. அரசு தளங்களையே முடக்க வேண்டியதாயிற்று. 2020 மே மாதத்தில் நிறுவனம் தன் பங்கிற்காக வருத்தம் தெரிவித்தது. அதே 2018-இல் மியன்மார் பற்றிய ஐ.நா. உண்மையறியும் குழு, ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பில் சமூக ஊடகம் தீர்மானகரமான பங்கு வகித்ததாகக் கூறியது. முஸ்லிம்களைக் கொல்லத் தூண்டும் சொல் தப்பிச் செல்வதும் கொல்லப்பட்ட முஸ்லிமைக் குறிக்கும் சொல் சிக்கிக் கொள்வதும் ஒரே அலட்சியத்தின் இரு விளைவுகளே: நம் மொழிகளை வாசிக்கத் தெரிந்தவர்களை அமர்த்துவதற்குச் செலவழிக்க மனமின்மை.

சமூகத்தின் உள்ளேயும் ஒரு முரண் பேசப்பட வேண்டியுள்ளது. 2012 செப்டம்பரில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்திய திரைத்துண்டு யூடியூபில் பரவிய போது சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் வரை எதிர்ப்பு எழுந்தது. மனம் புண்பட்டதில் வியப்பில்லை. பாகிஸ்தான் யூடியூப் முழுவதையும் 2016 ஜனவரி வரை பூட்டி வைத்தது. அன்று பலர் கோரியது நியாயமான நடைமுறையை அன்று. நம் பக்கம் சாயும் ஓர் அதிகாரத்தை. விசாரணையின்றி நீக்கும் அதிகாரம் நமக்கு உவப்பானதை நீக்கும் போது அதனை வாழ்த்தி, பிறகு 'ஷஹீத்' நீக்கப்படும் போது அதே அதிகாரத்தைப் பழிப்பவரின் வாதம் கேட்போரிடம் எடுபடுவதில்லை. அறிவுஜீவிகள் தம் எழுத்தில் இதனை மழுப்பாமல் கூறுதல் வேண்டும்.

2024 ஜூலையில் மெட்டா வாரியத்தின் மூன்று அடையாளங்களை ஏற்று விதியைத் தளர்த்தியது. ஆயின் மூன்றாவது அடையாளமான 'பட்டியலிடப்பட்ட நிகழ்வு' மீண்டும் வெளியிடப்படாத ஒரு பட்டியலுக்கே நம்மை இட்டுச் செல்கிறது. 2025 ஜனவரி 7 அன்று அந்நிறுவனம் தன் வெறுப்புப் பேச்சு விதிகளைக் குறைத்தது. தானியங்கிக் கருவிகள் இனிப் பயங்கரவாதம் போன்ற கடும் மீறல்களிலேயே கவனம் செலுத்தும், ஏனையவற்றை எவரேனும் முறையிட்ட பின்னரே பார்ப்போம் என்றது. பேச்சுரிமையின் வெற்றி என்று இதனைக் கொண்டாடியோர், இவ்வேற்பாட்டை ஒரு முஸ்லிம் வாசகரின் இடத்திலிருந்து பார்க்கவில்லை. அவரை இழித்துரைப்பவரின் பதிவு முறையீட்டிற்காகக் காத்திருக்கும். குண்டுவீச்சில் இறந்த தம் சகோதரர் ஷஹீதாக வேண்டும் என்ற துஆவோடு, அந்நாளின் பெயரையும் சேர்த்து அவர் எழுதும் பதிவை இயந்திரம் முதலில் வாசிக்கும். அந்நாள் பட்டியலில் உள்ளதா என்பதை எழுதும் முன் அறிந்து கொள்ள அவருக்கு வழியில்லை.